கோடு பாடாது

உங்கள் மகன் எலெக்ட்ரிக் கிடார் கேட்கிறான். ப்ளஸ் ஒன் படிக்கிறான். சர்ச் கொயரில் வாசிக்கிற சிநேகிதனைப் பார்த்து வந்த ஆசை. திருச்சியில் இந்த ஜுரம் சகஜம். பாலக்கரை, மேலப்புதூர் பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்கு நடந்தால் ஏதாவது ஒரு மாடியிலிருந்து ஈ மைனர் கேட்கும். போனஸ் வந்த கையோடு அவனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகிறீர்கள். சுவர் நிறைய கிடார் தொங்குகிறது. விற்பனைப் பையன் ஒன்றை இறக்கி, ட்யூப்லைட் வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிக் காட்டுகிறான். கழுத்தின் பின்பக்கம் புலி வரி மாதிரி கோடு கோடாக மின்னுகிறது. திருப்பத் திருப்பக் கோடும் நகர்கிறது.

'ஃப்ளேம் மேப்பிள் நெக் சார். சாதா மரம் இல்ல. டோனே தனியா இருக்கும்.'

பக்கத்தில் அதே கம்பெனி, அதே பாகங்கள், கழுத்து மட்டும் ஒரு கோடும் இல்லாமல் வெளுப்பாக, சப்பாத்திப் பலகை மாதிரி. விலை சில ஆயிரம் குறைவு. பையன் உங்களைப் பார்க்கிறான். நீங்கள் பர்ஸைப் பார்க்கிறீர்கள்.

சப்பாத்திப் பலகையை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தை என்ன செய்வது என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அந்த 'டோனே தனி' என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை வைத்து உலகம் முழுவதும் நடக்கிற வியாபாரம் சாதாரணமானதல்ல.

ஃப்ளேம் மேப்பிள் என்று தனியாக ஒரு ஜாதி மரம் கிடையாது. கனடாக்காரர்கள் இலையைக் கொடியில் போட்டிருக்கிறார்களே, பாகு காய்ச்சிக் காலைப் பலகாரத்தின் மேல் ஊற்றிக்கொள்கிறார்களே, அதே மேப்பிள் வகையறாதான். சில மரங்களில் மட்டும் நார் நேராக ஓடாமல் அலை அலையாக நெளிந்துவிடுகிறது. அதை அறுத்து இழைத்தால், அலையின் ஏற்றம் வெளிச்சத்தை ஒரு பக்கமும் இறக்கம் இன்னொரு பக்கமும் திருப்பி அனுப்புகிறது. மயில்கழுத்துப் பட்டுப் புடவையில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் போட்டு நெய்து, மடிப்புக்கு மடிப்பு வண்ணம் மாறுமே, கிட்டத்தட்ட அந்த சமாசாரம். நெளிவு புள்ளிப் புள்ளியாக வந்தால் 'பேர்ட்ஸ் ஐ', பறவைக் கண். குமிழ் குமிழாக வந்தால் 'க்வில்ட்', மெத்தை. பேரெல்லாம் நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். அழகில்லை என்று நான் சொல்லவில்லை. புடவையைப் பார்த்து, 'இதைக் கட்டிக்கொண்டால் குரல் இனிமையாகும்' என்று கடைக்காரர் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சிரிப்பீர்கள். கிடார் கடையில் மட்டும் தலையாட்டுகிறோம்.

கழுத்துக்கு என்ன வேலை? ஆறு எஃகுக் கம்பிகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பது. சாதாரணமாகப் போடுகிற கம்பிகளை முறையாகச் சுருதி சேர்த்தால் மொத்த இழுவிசை ஏறத்தாழ 45 கிலோ. ரேஷன் கார்டு இல்லாதவர்கள் கடையில் வாங்குகிற 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதை, உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து சுற்றிப் பிடிக்கிற அளவுள்ள ஒரு குச்சி, ராத்திரி பகல் இறக்கி வைக்காமல் தாங்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடுதலாக வளைந்தால் கம்பி உயர்ந்து, விரல் வலித்து, சுருதி கெடும்.

எந்தத் தச்சரிடமும் கேளுங்கள். மண்வெட்டிக் காம்புக்கும் ஏணியின் நெடுங்கட்டைக்கும் அவர் எந்த மாதிரி மரம் எடுப்பார்? நார் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அறுபடாமல் ஓடுகிற மரம். நெளிந்த நார் உள்ள கட்டையை நேராக அறுத்தால், ஒவ்வொரு அலையிலும் நார் வெட்டுப்பட்டு நிற்கும். நீளவாக்கில் விறைப்பு அந்த அளவுக்குக் குறையும். இன்னொன்று, மரம் ஈரத்தைக் குடித்தால் நாருக்குக் குறுக்கேதான் அதிகம் உப்பும், நீளவாக்கில் மிகக் கொஞ்சம். நாரே நெளிந்திருந்தால் எது குறுக்கு, எது நீளம்? சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தாண்டிக் காய்ந்து, ஐப்பசி மழையில் ஊறுகிற திருச்சி மாதிரி ஊரில் இது பெரிய கேள்வி. உடைந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. உள்ளே ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி இருக்கிறது. கவனமான தயாரிப்பாளர்கள் கோடு போட்ட கழுத்துக்குக் கூடவே கார்பன் பட்டையும் பதிக்கிறார்கள், இல்லையென்றால் இரண்டு மூன்று துண்டாக ஒட்டிச் செய்கிறார்கள். அதாவது கோட்டுக்கு ஒரு விலை, அந்தக் கோட்டுக்கு முட்டுக் கொடுக்க இன்னொரு விலை.

சத்தத்துக்கு வருவோம். எலெக்ட்ரிக் கிடாரில் சத்தம் மரத்திலிருந்து உங்கள் காதுக்கு வருவதில்லை. கம்பி அதிர்கிறது. கீழே காந்தமும், முடியைவிட மெல்லிய தாமிரக் கம்பியைப் பல ஆயிரம் சுற்று சுற்றிய காயிலும் இருக்கின்றன. கம்பியின் அதிர்வு அந்தக் காயிலில் மின்சாரம் உண்டாக்குகிறது. ப்ளஸ் டூ இயற்பியல். அந்த மின்சாரத்தைப் பெட்டி பெருக்குகிறது. மரத்துக்கு இதில் பங்கே இல்லையா என்றால், கழுத்துக்கு ஒரு பங்கு உண்டு. கழுத்து தானும் சேர்ந்து ஆடினால் கம்பியின் சக்தியைத் தின்றுவிடும்; சில இடங்களில் ஸ்வரம் சட்டென்று செத்துப்போகும். 'டெட் ஸ்பாட்' என்பார்கள். அதைத் தீர்மானிப்பது கழுத்தின் விறைப்பும் எடையும். கோடு எந்தக் கணக்கிலும் வரவில்லை. வந்தாலும் பாதகமாகத்தான் வரும்.

இந்த வாத்தியத்தின் வரலாறே கோட்டுக்கு எதிர்ச்சாட்சி. லெஸ் பால் என்ற மேதை 1940-களின் தொடக்கத்தில், நாலுக்கு நாலு அங்குல பைன் கட்டையில் கம்பி பூட்டி வாசித்தார். நம்ம ஊர் பேக்கிங் பெட்டி மரத்துக்கு உறவு. 'லாக்' என்றே அதற்குப் பெயர். ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. அதன் இரண்டு பக்கமும் கிடார் உடம்பு மாதிரி இறக்கை ஒட்டிக்கொண்டு போனாராம். அப்போது பிடித்துவிட்டது என்று அவரே பிற்காலத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறார். சத்தம் அதே கட்டையிலிருந்துதான் வந்தது. கேட்டவர்கள் கண்ணால் கேட்டிருக்கிறார்கள்.

லியோ ஃபெண்டர் கிடார் வாசிக்கத் தெரியாத ரேடியோ மெக்கானிக். 1950-ல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கிடாரின் கழுத்து, ஒரே துண்டு மொட்டை மேப்பிள். நாலு ஸ்க்ரூவில் உடம்போடு பூட்டியிருந்தார். கெட்டுப்போனால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டிக்கொள், ஸ்கூட்டர் ஹேண்டில்பார் மாதிரி. உலகத்தின் பாதி ராக் இசை அந்த மாதிரிக் கழுத்தில் பிறந்தது. அவருக்குப் போட்டியான கிப்ஸன் கம்பெனி 1958 முதல் 1960 வரை, முகப்பில் தீப்பிழம்பு மாதிரி கோடு போட்ட மேப்பிள் பலகை ஒட்டி லெஸ் பால் கிடார்களை விற்றது. சரியாகப் போணியாகவில்லை. 1961-ல் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். பிறகு எரிக் க்ளாப்டன் மாதிரி ஆட்கள் அந்தப் பழசை வைத்து வாசித்த சத்தத்தைக் கேட்டு ஊரே தேடத் தொடங்கியது. இன்று அவற்றின் விலைக்குத் தில்லை நகரில் வீடு வாங்கலாம். கோடு போட்ட கிடாரில் மிகப் புகழ்பெற்றது அதுதான். அதன் கழுத்து? மொட்டை மஹோகனி! அலங்காரத்தை மூஞ்சியில் வைத்தார்கள், பாரம் தாங்குகிற இடத்தில் அடக்கமான மரத்தை வைத்தார்கள். செய்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. விற்பவனுக்குத்தான் மறந்துவிட்டது.

உச்சகட்டக் கூத்து 1990-களில் நடந்தது. 'ஃபோட்டோ ஃப்ளேம்' என்ற பெயரில், மொட்டை மரத்தின் மேல் கோட்டைப் படமாக அச்சடித்து ஒட்டி, ஃபெண்டர் பெயரிலேயே ஜப்பானில் செய்து விற்றார்கள். உடம்பில் மட்டுமல்ல, கழுத்திலும். மரத்துக்கு மரத்தின் கட்-அவுட்! வாங்கியவர்கள் சந்தோஷமாக வாசித்தார்கள், நன்றாகத்தான் ஒலித்தது.

'அதெல்லாம் சரி சார், பெரிய வித்வான்கள் காதுக்கு வித்தியாசம் தெரியுமே' என்பார்கள். தெரியுமா என்று சோதித்திருக்கிறார்கள். 2010-ல் இண்டியானாபொலிஸில் 21 வயலின் கலைஞர்களுக்கு, பார்வையை மறைத்து, மூன்று புது வயலின்களும் ஸ்ட்ராடிவாரி, குவார்நேரி என்று கோடிக்கணக்கில் விலையுள்ள மூன்று பழசும் கொடுத்தார்கள். கடைசி இடம் ஒரு ஸ்ட்ராடிவாரிக்கு. இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகக்காரர்கள் 52 கிடார் கலைஞர்களுக்கு, முதுகு, விலாப் பலகை மட்டும் வேறு வேறு மரத்தில் செய்த ஆறு கிடார்களைப் பார்க்க முடியாதபடி கொடுத்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். விலை உயர்ந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் பெரிய பேதம் எதுவும் தேறவில்லை. இது உள்ளே காலியான அக்கூஸ்டிக் கிடாரில், சத்தத்துக்கு மரத்தை நம்பியிருக்கிற வாத்தியத்தில். காயிலை நம்பியிருக்கிற வாத்தியத்தின் கழுத்துக் கோட்டைப் பற்றி இதற்குமேல் பேசவேண்டுமா?

வயலின் முதுகிலும் கழுத்திலும் கோடு போட்ட மேப்பிள் இருக்கிறதே என்று சிலர் மடக்குவார்கள். இருக்கிறது. வயலின் கழுத்து ஒரு சாண்கூட இல்லை. அதன் வயிற்றுப் பலகையை, அதாவது உண்மையிலேயே பாடுகிற பலகையைப் பாருங்கள்: நேர் நார் ஓடுகிற ஸ்ப்ரூஸ்.

இது ஏதோ வெள்ளைக்காரர்களின் வியாதி, நம் சங்கீதத்துக்குச் சம்பந்தமில்லை என்று காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு யாராவது படித்தால், மாமி, உங்கள் வீட்டு வீணையைத்தான் சொல்லப்போகிறேன்.

தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் பயணத்தில் அதைச் செய்கிற வீடுகள் இருக்கின்றன. மரம் பலா, பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கத்தது. வெட்டியபோது மஞ்சளாக இருந்து, வருஷங்கள் போகப் போகப் பழுப்பேறுகிற, புலி வரியோ மயில் கழுத்தோ காட்டாத எளிய மரம். தலைமுறை தலைமுறையாகக் குடத்துக்கும் தண்டிக்கும் அதைத்தான் எடுத்திருக்கிறார்கள். தண்டி என்பதுதான் வீணையின் கழுத்து. ஏழு கம்பியின் இழுப்பைத் தாங்குவது அது. நாகஸ்வரத்துக்கு நரசிங்கம்பேட்டைக்காரர்கள் ஆச்சா மரம் தேடுவார்கள். அதுவும் பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கிற உத்தரக் கட்டையாக இருந்தால் விசேஷம், ஏனென்றால் ஆட வேண்டிய ஆட்டமெல்லாம் ஆடி அடங்கிய மரம். அவர்கள் யாரும் மினுக்கைப் பார்த்து மரம் வாங்கியதில்லை.

அலங்காரம் தனியாக ஒட்டப்பட்டது. குடத்தின் முகப்பிலும் தண்டியின் ஓரத்திலும் முன்பெல்லாம் யானைத் தந்தம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-லும் 1991-லும் திருத்தங்கள் வந்து தந்த வியாபாரம் நின்றது. அந்த இடத்தில் பிளாஸ்டிக் வந்தது. எந்தக் கச்சேரியிலாவது, 'தந்தம் போனதிலிருந்து கல்யாணியில் களையில்லை' என்று ரசிகர் யாரும் எழுந்து போனாரா? யானைகள் பிழைத்தன. ராகமும் பிழைத்தது.

ஆனால் வீணை வாங்குகிறவர் இன்றைக்கும் முதலில் கேட்பது என்ன? யாளிக்குத் தங்க வர்ணமா, செதுக்கு வேலை எவ்வளவு, கொலுவில் வைத்தால் எடுப்பாக இருக்குமா. மேளம் யார் கட்டியது என்று கேட்பவர் பத்தில் ஒருவர் இருந்தால் அதிசயம். தண்டியின் மேல் மெழுகும் கரியும் கலந்த மேடையில் 24 மெட்டுகளைக் காதால் கேட்டுக் கேட்டு, மயிரிழை நகர்த்திப் பதிக்கிறார்களே, அதுதான் வீணைக்கு உயிர். மெழுகு காலப்போக்கில் தளரும், மெட்டு நகரும், மறுபடி கட்ட வேண்டும். அதற்குக் கூலி கேட்டால், 'மெழுகு ஒட்டறதுக்கா இவ்வளவு?' என்று பேரம். செதுக்கு வேலைக்குக் கேட்டதைக் கொடுத்த அதே கை. உத்தர வீதி வீடு ஒன்றில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு வீணை, அப்பழுக்கில்லாத அன்னப்பறவைச் செதுக்கல்களோடு நிற்கிறது. பதினாலு மெட்டுக்கு மேல் போனால் அபஸ்வரம். வாசிக்க வேண்டிய பெண், 'எனக்குக் காது சரியில்லை' என்று தீர்மானித்துக் கம்ப்யூட்டர் க்ளாஸுக்குப் போய்விட்டாள். அவள் காதில் கோளாறில்லை. சொல்லப்போனால் அபஸ்வரத்தைக் கண்டுபிடித்ததே அந்தக் காதுதான்.

என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான். பணக்காரர் கோட்டுக்குப் பணம் கொடுக்கட்டும், எனக்கென்ன? நடுத்தரக் குடும்பத்தின் பட்ஜெட் ஒன்றுதான். கோட்டுக்குப் போன ரூபாய், ஃப்ரெட் ஒழுங்குக்குப் போகாது. கம்பி உயரத்தில் நின்று, பையன் விரல் நுனி கன்றி, எஃப் கார்டு பிடிக்க முடியாமல், மூன்றாவது மாதம் கிடார் பரணுக்குப் போகும். 'நம்ம குடும்பத்துக்கு சங்கீதம் வராது' என்று அப்பா தீர்ப்பு எழுதுவார். பையனும் அதை நம்பி வளர்வான். பளபளக்கிற கழுத்து, உள்ளுக்குள் லேசாக வளைந்திருந்தது என்று யாருக்கும் தெரியாமலே போகும்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்கழி உற்சவத்தில் நம்பெருமாள் ராப்பத்து முடிந்து மூலஸ்தானம் திரும்பும்போது வீணை வாசிப்பார்கள். வீணை ஏகாந்தம். கூட்டத்தின் கண் முழுக்கப் பெருமாள் மேல். வீணைக்குக் காது மட்டும். என்ன மரம், எவ்வளவு செதுக்கல் என்று எட்டிப் பார்த்தவரை நான் அறியேன். தேரையும் பாருங்கள். பொம்மை, யாளி, குதிரை எல்லாம் அடுக்கடுக்காக மேலே. கீழே பாரம் சுமக்கிற அச்சில் யாரும் பொம்மை செதுக்கவில்லை. திருவெறும்பூர் பெல் தொழிற்சாலை, திருவாரூர் ஆழித்தேர் உட்படத் தமிழ்நாட்டின் எத்தனையோ தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் செய்து கொடுத்திருக்கிறது. பாய்லர் செய்கிற கம்பெனி, துளி அலங்காரமில்லாத எஃகு. தேர் முன்னைவிடப் பத்திரமாக ஓடுகிறது. பக்தி குறைந்ததாகத் தகவல் இல்லை.

'கண்ணுக்கு அழகா இருந்தா எடுத்து வாசிக்கத் தோணும் சார், அதுவும் ஒரு உபயோகம்தானே?' என்று ஒரு கடைக்காரர் என்னிடம் வாதாடினார். நியாயமான வாதம். இதைச் சொல்லி விற்றால் எனக்கு ஆட்சேபணையே இல்லை. 'சார், சத்தம் ஒன்றுதான், இது பார்க்க நல்லா இருக்கும், அதுக்கு இவ்வளவு' என்று பில்லில் போடட்டும். நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் தனியாகக் காட்டுகிற ஊர் இது. மரத்துக்கும் சேதாரம் காட்டலாம். டோன் என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

சரி, கடையில் நிற்கிறீர்கள். மொட்டைக் கழுத்து கிடாரை எடுங்கள். மொட்டை என்பதாலேயே நல்லதாகிவிடாது, அதையும் சோதிக்க வேண்டும். துப்பாக்கி குறிபார்ப்பதுபோல் தலைப்பக்கத்திலிருந்து கழுத்து நெடுகப் பாருங்கள், முறுக்கிக்கொண்டிருந்தால் வைத்துவிடுங்கள். ஓரத்தில் நார் எப்படி ஓடுகிறது, நெடுக ஓடுகிறதா, பாதியில் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விடுகிறதா என்று பாருங்கள். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும் கடைசி ஃப்ரெட்டில் இன்னொரு கையாலும் அழுத்தி, நடுவில் உள்ள இடைவெளியைப் பையனைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு போதும். ஐம்பது பைசா நாணயம் நுழைந்தால் கழுத்து வளைந்திருக்கிறது. ட்ரஸ் ராட் திருகினால் சரியாகிறதா என்று அங்கேயே திருகிக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் மீட்டச் சொல்லுங்கள். ஆறு கம்பி, இருபத்திரண்டு ஃப்ரெட், 132 ஸ்வரம், பத்து நிமிஷம். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், காசு உங்களுடையது. எங்காவது கிர்ரென்றாலோ சட்டென்று செத்தாலோ அடுத்த கிடார்.

மிச்சமான சில ஆயிரத்தில், கம்பி உயரத்தையும் ஃப்ரெட்டையும் ஒழுங்கு செய்யத் தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடித்துக் கொடுங்கள். கடையிலேயே ஒருவர் இருந்தால் பில் போடுவதற்கு முன் செய்யச் சொல்லுங்கள். மீதிக்கு இரண்டு செட் உபரிக் கம்பி. அப்படியும் பையன் அந்தப் புலி வரியையே திரும்பித் திரும்பிப் பார்த்தான் என்றால், இரண்டையும் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று விற்பனைப் பையனை வாசிக்கச் சொல்லி, எது எது என்று கேளுங்கள். மூன்று தரம் சரியாகச் சொன்னால் புலியையே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.